குளியலறை மூலையில் ஒரு கறுப்புக் கோடு

தெருவில் சைக்கிளில் "ஆசிட்டே... பினாயிலே..." என்று கூவிக்கொண்டு போகிறவருக்கு ஐப்பசி, கார்த்திகையில் வியாபாரம் கொஞ்சம் சூடுபிடிக்கும். சித்திரை வெயிலில் பளிச்சென்று இருந்த குளியலறை டைல்ஸ் இடுக்குகளில், மழை தொடங்கி இரண்டே வாரத்தில் யாரோ பென்சிலால் இழுத்த மாதிரி ஒரு கறுப்பு படிந்துவிடும். "பாத்ரூம்ல பாசி பிடிச்சிருச்சு, ஒரு பாட்டில் ஆசிட் வாங்கி ஊத்துங்க" என்பதுதான் எங்கள் காம்பவுண்டில் எல்லோரும் சொல்லும் வைத்தியம். அந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு தப்பு இருக்கிறது.

முதல் தப்பு பெயரில். பாசி வெளிச்சத்தை வைத்துத் தன் சாப்பாட்டைத் தானே தயாரித்துக்கொள்ளும் பச்சை உயிர். மொட்டைமாடித் தொட்டி வழிந்து ஊறிய சுவரில் இருக்கிறதே, அதுதான் பாசி. வெளிச்சம் படாத மூலையில் கறுப்பாகப் படர்வது பூஞ்சை. பழைய ரொட்டியில் பூக்கும் பூசணத்துக்குப் பங்காளி. கிளாடோஸ்போரியம், ஆரியோபாசிடியம் போன்ற வகைகள் குளியலறைகளில் சாதாரணமாகக் காணப்படுபவை. அந்தக் கறுப்பு அழுக்கல்ல, மெலனின். நம் தலைமுடிக்குக் கறுப்பு தரும் நிறமியின் இனம். வாளிக்கு அடியிலும் மக்கின் கைப்பிடியிலும் ரோஸ் நிறத்தில் வழுவழுவென்று படிவது பூஞ்சைகூட இல்லை. அது பெரும்பாலும் செராஷியா போன்ற பாக்டீரியாக்களின் வேலை. தேய்த்தால் போகும், நாலு நாளில் திரும்பி வரும்.

பூஞ்சையின் வித்துகள் காற்றில் எங்கும் மிதக்கின்றன. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் நூறு, இருநூறு வித்துகளை வரிசையாக நிறுத்திவிடலாம், அவ்வளவு சிறிசு. அவற்றை வீட்டுக்குள் வராமல் தடுப்பது நடக்காத காரியம். ஆனால் விழுந்த இடத்தில் ஈரம் இல்லையென்றால் வித்து முளைக்காது. நன்றாகக் காய்ந்த வடகம் மாதக்கணக்கில் டப்பாவில் கெடாமல் இருப்பது இதனால்தான். உப்பு மாங்காய் ஜாடியில் தண்ணீர் நிறையவே இருக்கிறது, ஆனால் அதை உப்பு பிடித்து வைத்துக்கொள்வதால் பூசணத்துக்கு எட்டாது. குளியலறைச் சுவரில் நிற்பதோ யாருக்கும் கட்டுப்படாத தண்ணீர். ஓர் இடம் ஓரிரு நாள் தொடர்ந்து ஈரமாகவே இருந்தால் போதும், வித்து முளைவிட்டு இழைகளை இறக்கத் தொடங்கிவிடும். ஐந்து பேர் அடுத்தடுத்துக் குளிக்கிற வீட்டில் அந்த மூலை எப்போதுதான் காய்வது?

இதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். குளித்து முடித்ததும் தரையிலும் சுவரிலுமாகப் பத்துச் சதுர மீட்டர் நனைந்திருக்கிறது, அதன் மேல் 0.1 மில்லிமீட்டர் கனத்துக்குத் தண்ணீர்ப் படலம் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் ஒரு லிட்டர். நம் சாதாரண குளியலறைக்குள் இருக்கும் காற்று சுமார் 8 கன மீட்டர். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் நீராவியைத்தான் தாங்கும். அடைமழைக் காலத்தில் ஈரப்பதம் 85 சதவீதம் என்றால் அதில் முக்கால்வாசிக்கும் மேலே ஏற்கெனவே நிரம்பிவிட்டது. மிச்ச இடம் நாலரை கிராம். ஆக, அறைக்காற்று முழுவதையும் ஒரு முறை மாற்றினால் வெளியேறுவது 36 கிராம். ஒரு லிட்டரும் போக 28 முறை மாற்ற வேண்டும்! இதே கணக்கை 35 டிகிரியும் 40 சதவீத ஈரப்பதமும் உள்ள ஒரு கோடை நாளுக்குப் போட்டால் ஐந்தாறு முறையிலேயே முடிந்துவிடுகிறது. அக்னி நட்சத்திரத்தில் தலைகாட்டாத கறுப்புக்கோடு ஐப்பசியில் ஏன் வருகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான் தரை தள்ளும் வைப்பரின் அருமை எனக்குப் புரிந்தது. சுவரை மேலிருந்து கீழாக நாலு இழுப்பு, தரையை ஓட்டையை நோக்கி இரண்டு தள்ளு. அந்த ஒரு லிட்டரில் பெரும்பகுதி ஒரு நிமிடத்தில் சாக்கடைக்குப் போய்விடும். காற்றுக்கு மிச்சம் வைப்பது கொஞ்சம்தான்.

ஈரம் மட்டும் போதாது, பூஞ்சைக்குத் தீனியும் வேண்டும். வழவழப்பான டைல்ஸில் தின்ன என்ன இருக்கிறது? இங்கேதான் நம் ஊர்த் தண்ணீர் உள்ளே வருகிறது. மதுரையில் பல பகுதிகளில் புழக்கத்துக்குப் போர் தண்ணீர்தான், அதுவும் உப்புத் தண்ணீர். சோப்பு போட்டால் நுரை வராமல் திரிதிரியாகப் போகும். தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்பிலுள்ள கொழுப்பு அமிலத்தோடு சேர்ந்து தண்ணீரில் கரையாத பிசுக்காகிவிடுகின்றன. குழாய்க்குக் கீழே, சோப்புப் பெட்டிக்கு அடியில் நகத்தால் சுரண்டினால் மெழுகு மாதிரி வெள்ளையாக வருமே, அது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலின் நல்லெண்ணெய், உதிர்ந்த தோல் துகள், தலைமுடி எல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். பூஞ்சைக்குப் பந்தியே போட்ட மாதிரிதான். (ஷாம்பு இப்படித் திரிவதில்லை. அதன் வேதியியல் வேறு.)

சரி, இரண்டாவது தப்புக்கு வருவோம்: ஆசிட். டைல்ஸுக்கு நடுவே நிரப்புவது பெரும்பாலும் ஒயிட் சிமென்ட். பாட்டிலில் வருவது நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஊற்றியதும் புஸ்ஸென்று பொங்கும். அழுக்கு போகிறது என்று நமக்கு ஒரு சந்தோஷம். பொங்குவது உப்புக்கறை மட்டுமல்ல, அதோடு சேர்ந்து சிமென்டும்தான். ஒவ்வொரு முறையும் ஒரு மெல்லிய அடுக்கு கரைந்துபோக, இடுக்கு சொரசொரப்பாகி ஊசித்துளைகள் விழுகின்றன. அடுத்த மழைக்கு அந்தத் துளைகளுக்குள் வைப்பரும் போகாது, பிரஷ்ஷும் போகாது. பூஞ்சை மட்டும் போகும். நாங்கள் முன்பு குடியிருந்த வாடகை வீட்டில் வருஷா வருஷம் ஆசிட் ஊற்றி, கடைசியில் இடுக்கில் சிமென்டே இல்லாமல் குழியாகிவிட்டது. டைல்ஸுக்குப் பின்னால் தண்ணீர் இறங்கி, அடுத்த அறைச் சுவரில் பெயின்ட் கொப்பளித்தது.

புதிதாகக் கட்டிய குளியலறையில் முதலில் கொஞ்ச காலம் கறுப்பு அவ்வளவாக வராததற்கும் சிமென்டுதான் காரணம். பச்சைச் சிமென்ட் கடுமையான காரம்; பி.எச். அளவு 12-க்கு மேல். அதில் பூஞ்சை பிழைக்காது. காற்றிலுள்ள கரியமில வாயு பட்டுப்பட்டு அந்தக் காரம் மெல்லக் குறையும். சுண்ணாம்பும் இதே கதை. பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்தபோது சுவருக்கு அழகோடு காரமும் புதுசாகக் கிடைத்தது.

வந்துவிட்ட கறுப்பை எடுக்க பிளீச்சிங் பவுடர் உதவும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி கரைத்துக் கொஞ்ச நேரம் தெளியவிட்டு, மேலே நிற்கும் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். முதலில் சோப்புப் பிசுக்கைத் துணி சோப்புத் தூளால் தேய்த்துக் கழுவிவிட வேண்டும்; இல்லையென்றால் குளோரின் அந்தப் பிசுக்கோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகும். அப்புறம் தெளிந்த தண்ணீரைத் தடவி, பத்து நிமிடம் ஊறவிட்டு, பிரஷ்ஷால் தேய்த்து அலசலாம். கையுறை, மாஸ்க், திறந்த கதவு மூன்றும் அவசியம். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் அவரை இந்த வேலைக்கு விடக் கூடாது.

இந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். ஆசிட் ஊற்றிய தரையில் பிளீச்சிங் பவுடரைத் தூவாதீர்கள். தூவிய தரையில் ஆசிட்டை ஊற்றாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் வருவது குளோரின் வாயு, முதல் உலகப்போரில் 1915-இல் பெல்ஜியத்தின் ஈப்ர நகரத்துக்கு அருகே படைவீரர்கள் மேல் திறந்துவிடப்பட்ட அதே வாயு. ஜன்னல் சாத்திய சின்னக் குளியலறையில் நுரையீரலைப் புண்ணாக்க அதற்கு அதிக நேரம் வேண்டாம்.

பிளீச்சிங் பவுடருக்கும் ஓர் எல்லை உண்டு. அது மெலனினை வெளுத்துவிடும். துளைக்குள் ஆழமாக இறங்கிய இழைகளை எட்டாது. வெள்ளையானதைப் பார்த்து ஒழிந்தது என்று நினைப்போம், பத்து நாளில் அதே இடத்தில் அதே கோடு. அப்படித் திரும்பத் திரும்ப வரும் இடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு எபாக்ஸி என்ற பிசின் கலவையை நிரப்பினால் நீர் உறிஞ்சாது. செலவு கூடுதல்தான். பாத்டப் இங்கே ஏதோ ஒன்றிரண்டு வீட்டில்தான் இருக்கிறது; ஆனால் அதன் விளிம்பிலும் வாஷ்பேசின் ஓரத்திலும் பூசும் சிலிகோன் பசை உள்ளுக்குள் கறுத்துவிட்டால் தேய்த்துப் பயனில்லை. பிளேடால் அறுத்தெடுத்து, இடத்தை நன்றாகக் காயவைத்து, புதிதாகப் பூசுவதுதான் வழி.

எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதே என்பவர்கள் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திப் பாருங்கள். எங்கள் வீட்டில் கதவைச் சாத்திவிட்டு ஃபேனைப் போட்டபோது, புகை ஃபேனுக்குப் பக்கத்திலேயே தயங்கிச் சுழன்றது. கதவை நாலு விரல் திறந்ததும் அதே புகை நூல் பிடித்தாற்போல் ஃபேனை நோக்கி ஓடியது. உள்ளே வர வழியில்லாத காற்று வெளியே மட்டும் எப்படிப் போகும்? கதவுக்கடியில் ஓர் இடைவெளியாவது வேண்டும். குளித்த பிறகு பத்து நிமிடமும் போதாது. மேலே போட்ட கணக்குப்படி 28 முறை காற்று மாற, மழைக்காலத்தில் சின்ன ஃபேன் ஒரு மணி நேரமாவது ஓட வேண்டியிருக்கும்.

என் அப்பத்தா வீட்டில் இந்தப் பிரச்சினையே இருந்ததில்லை. மேலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் குளியல் எல்லாம் கிணற்றடியில், துவைகல்லுக்குப் பக்கத்தில். ஒன்பது மணிக்கெல்லாம் வெயில் வந்து கல்லைக் காயவைத்துவிடும்.

இப்போது எங்கள் குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு வைப்பர் தொங்குகிறது. கடைசியாகக் குளிக்கிறவர் தள்ளிவிட்டு, வாளியைக் கவிழ்த்துவிட்டு, கதவைத் திறந்துவைத்துவிட்டு வர வேண்டும் என்பது ஏற்பாடு. போன மழைக்கு டைல்ஸ் இடுக்குகள் வெள்ளையாகவே இருந்தன. கீசர் குழாய்க்குப் பின்னால் வைப்பர் நுழையாத இரண்டு அங்குலத்தில் மட்டும் கறுப்பு வந்தது.