ஒரு கண்ணி எப்படி இரண்டாகிறது?

பனியன் துணியைக் கண்ணருகே பிடித்துப் பாருங்கள். வேட்டியில் இருப்பதுபோல ஊடும் பாவும் இருக்காது. வளைந்து வளைந்து போகும் நூல்தான் கண்ணிகளாகி, ஒவ்வொரு கண்ணியும் தனக்குக் கீழே உள்ளதன் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். திருப்பூரின் வட்டப் பின்னல் மெஷினில் ஊசிகளின் எண்ணிக்கை மாறாது. அதனால் துணி ஒரே அகலக் குழாயாக இறங்கும். வடிவத்தை வெட்டித் தைத்துத்தான் கொண்டுவர வேண்டும். கையால் ஸ்வெட்டர் பின்னுகிறவருக்கு அந்த வேலை இல்லை. மணிக்கட்டில் 40 கண்ணியில் தொடங்கி, தோளுக்குப் போவதற்குள் 70 ஆக்கிவிட்டால் கைப்பகுதி தானாகவே விரிந்துவிடும்.

சரி, அந்த 30 கண்ணிகள் எங்கிருந்து வரும்? ஒரு கண்ணிக்குள்ளிருந்து ஒரு கண்ணிதான் பிறக்கும். கூடுதலாக வேண்டுமென்றால் நூலை வேறு எங்கிருந்தாவது எடுக்க வேண்டும். எடுத்த இடம் துணியில் தடமாக நிற்கும்.

இருப்பதிலேயே எளியது யார்ன் ஓவர்: நூலை ஊசிமேல் ஒரு சுற்றுப் போட்டுவிட்டு அடுத்ததைப் பின்னுவது. அந்தச் சுற்றுக்குக் கீழே பிடித்துக்கொள்ள ஒரு கண்ணியும் இல்லை. ஆகவே அங்கே ஓட்டை விழும். ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவுப் பெண்கள் இந்த ஓட்டைகளையே கோலமாக்கி, கல்யாண மோதிரத்துக்குள் இழுத்துவிடக்கூடிய மெல்லிய சால்வைகளைப் பின்னினார்கள். ஓட்டைக்கு ஓட்டை பக்கத்தில் இரண்டு கண்ணிகளை ஒன்றாக்கி எண்ணிக்கையைச் சமன் செய்துவிடுவார்கள்.

ஓட்டை வேண்டாமென்றால், இரண்டு கண்ணிகளுக்கு நடுவே பாலம்போல ஓடும் நூலை ஊசியில் தூக்கி, முறுக்கிப் பின்ன வேண்டும். முறுக்கும்போது வளையத்தின் இரண்டு கால்களும் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக விழுந்து வாயை மூடிவிடுகின்றன. இதில் புது நூல் வருவதில்லை, பக்கத்துக் கண்ணிகள்தான் கொடுக்கின்றன. அதனால் அந்த இடம் சற்று இறுகும். முறுக்கும் திசையைப் பொறுத்து இடமாகவோ வலமாகவோ சாயும். ஸ்வெட்டர் கைக்கு இதைத்தான் சொல்வேன், இரு ஓரங்களிலும் எதிரெதிராகச் சாயும்படி.

ஒரே கண்ணியின் முன்னாலும் பின்னாலும் இரண்டு முறை பின்னுவது இன்னொரு வழி. அடியில் சின்னக் குறுக்குக்கோடு விழும். எல்லா வரிசையும் ஒரே மாதிரிப் பின்னிய வரப்பு வரப்பான துணியில் அது கண்ணுக்கே தெரியாது.

எப்படிக் கூட்டுகிறோம் என்பது தோற்றத்தை மாற்றும். எத்தனை கூட்டுகிறோம் என்பதோ துணியின் வடிவத்தையே மாற்றிவிடும். நடுவிலிருந்து வட்டமாகப் பின்னுவதாக வைத்துக்கொள்வோம். ஆரம் ஒரு வரிசை உயரம் கூடினால், சுற்றளவு அதுபோல் 6.28 மடங்கு கூட வேண்டும். ஒற்றைக் கொக்கியால் பின்னும் குரோஷாவின் சிறிய கண்ணி ஏறக்குறையச் சதுரமானது. எனவே சுற்றுக்கு 6 கூட்டினால் தட்டையாக இருக்கும். ஊசிப் பின்னலில் கண்ணி உயரத்தைவிட அகலம் அதிகம். 5 கண்ணி அகலமும் 7 வரிசை உயரமும் சமமாக வந்தால், சுற்றுக்கு நாலரை போதும். இரண்டு சுற்றுக்கு 8 என்ற வழக்கம் இந்தக் கணக்குக்கு நெருக்கமானதுதான். பின்னல் வடிவமைப்பாளர் எலிசபெத் ஸிம்மர்மன் இதை இன்னும் சுலபமாக்கினார்: ஆரம் இரட்டிக்கும்போது மட்டும் கண்ணிகளையும் இரட்டித்தால் போதும். 9, 18, 36, 72 என்று போகும் அவருடைய வட்டச் சால்வையில் நடுவே உள்ள சுற்றுகளெல்லாம் வெறும் பின்னல்தான். இடைப்பட்ட இழுபறியைத் துணியின் நெகிழ்வு பார்த்துக்கொள்கிறது.

குறைவாகக் கூட்டினால் கிண்ணம், அப்புறம் தொப்பி. அதிகமாகக் கூட்டினால் ஓரம் லெட்யூஸ் கீரைபோலச் சுருளும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கணிதவியலாளர் டைனா தைமினா 1997-இல் இந்தச் சுருளைத்தான் வேண்டுமென்றே உருவாக்கினார். ஒவ்வொரு வரிசையிலும் ஒரே விகிதத்தில் கூட்டிக்கொண்டே போனால் கிடைப்பது அதிபரவளைவுத் தளம்: ஒரு கோட்டுக்கு வெளியே உள்ள புள்ளி வழியாக, அதை வெட்டாத கோடுகள் பல போகக்கூடிய வடிவியல். மாணவர்கள் அதைக் கையில் மடித்துப் பார்க்க முடிந்தது. முதலில் அவர் ஊசிப் பின்னலில்தான் முயன்றார். 20 கண்ணியில் தொடங்கி, இரண்டுக்கு ஒன்று வீதம் கூட்டினால் பத்தே வரிசையில் ஆயிரத்தைத் தாண்டிவிடும்; அத்தனையும் ஊசியிலேயே நிற்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு கண்ணி தங்கும் குரோஷா கொக்கிக்கு அதனால்தான் மாறினார்.