அனியூரிசத்துக்குள் நடக்கும் மராமத்து

ஒரு வாசகரின் கேள்வி: “கையில் வெட்டுப்பட்டால் சில நாளில் ஆறிவிடுகிறது. மூளை ரத்தக்குழாயில் வரும் அனியூரிசம் மட்டும் ஏன் தானாக ஆறுவதில்லை?” ஆற்றும் வேலை அங்கேயும் நடக்கிறது. நடந்தும் பெரும்பாலும் தோற்றுப்போகிறது.

அடிப்படையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். தமனிச் சுவர் பலவீனமான இடத்தில் பலூன்போலப் புடைப்பதுதான் அனியூரிசம். பெரியவர்களில் நூற்றுக்குச் சுமார் 3 பேருக்கு மூளையில் அது இருக்கும். பெரும்பாலானவை வெடிப்பதே இல்லை. தமனி கிளை பிரியும் கவட்டையில் ரத்தம் நேராக வந்து முட்டுவதால் அங்கேதான் சுவர் புடைக்கிறது. மற்றத் தமனிகளில் தசை அடுக்குக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என ரப்பர்போல இழுபடும் எலாஸ்டின் புரதத்தால் ஆன இரண்டு உறைகள் உண்டு. மண்டைக்குள் நுழைந்ததும் வெளியுறை காணாமல் போய்விடும். மிஞ்சும் உள்ளுறையும் கருவிலும் இளம்வயதிலும் நெய்யப்பட்டது. கிழிந்தால் பெரியவர்களின் உடம்பு அதைப் பழையபடி நெய்து தருவதில்லை.

குழாயின் உட்புறத்தில் ஓடு பதித்ததுபோல ஒற்றை அடுக்காக இருப்பவை எண்டோதீலியச் செல்கள். சீரான ஓட்டத்தில் ரத்தம் போகும் திசையில் நீண்டு படுத்திருக்கும். ஓட்டம் தாறுமாறானால் அந்த வரிசை குலைந்து அழற்சிச் செய்தி அனுப்பத் தொடங்கும். மேக்ரோபேஜ்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் சுவருக்குள் நுழையும். அவை சுரக்கும் எம்எம்பி-9 போன்ற நொதிகள் சுவரின் புரதங்களை அரிக்கும், தசைச் செல்கள் மடியும்.

இந்த இடத்துக்குத்தான் மராமத்துச் செல்கள் வர வேண்டும். 1997-இல் டகாயுகி அசஹாராவும் சகாக்களும் பெரியவர்களின் ரத்தத்திலிருந்து எண்டோதீலியமாக வளரக்கூடிய ‘எண்டோதீலிய முன்னோடிச் செல்களை’ப் பிரித்துக் காட்டினார்கள். அதற்கு முன்பு, இப்படிப்பட்ட செல்களிலிருந்து குழாய் உருவாவது கருவில் மட்டுமே நடக்கும் என்று கருதியிருந்தார்கள்.

அவை வந்து சேரும் விதம் அழகானது. எண்டோதீலியம் உரிந்த இடத்தில் அடியிலுள்ள கொலாஜன் என்ற புரதம் வெளியே தெரியும். தட்டணுக்கள் அதில் ஒட்டிக்கொண்டு எஸ்டிஎஃப்-1 என்ற புரதத்தை விடும். முன்னோடிச் செல்லின் மேலுள்ள சிஎக்ஸ்சிஆர்-4 என்ற ஏற்பி அதை மோப்பம் பிடிக்கும். ஆனால் பாயும் ரத்தத்தில் வரும் செல்லால் சட்டென்று நிற்க முடியாது. செலக்டின் என்ற ஒட்டும் மூலக்கூறுகள் அதைத் தொட்டுப் பிடிக்கும், விடும், அடுத்தது பிடிக்கும். செல் சுவரோரமாக உருண்டபடியே வேகம் குறையும். அப்புறம்தான் இன்டெக்ரின்கள் என்ற வேறு ஒட்டும் மூலக்கூறுகள் இறுகப் பற்றும், செல் தட்டையாகப் பரவும். இதில் ஒரு வேடிக்கை: எலும்பு மஜ்ஜையில் கட்டுண்டு கிடக்கும் இந்தச் செல்களை அவிழ்த்து ரத்தத்தில் விட உதவுவதும் அதே எம்எம்பி-9தான்! அங்கே ஆளனுப்பும் நொதி, இங்கே சுவரை இடிக்கிறது. உடம்பு முழுக்க அதை முடக்கும் மருந்து என்ற யோசனை எனக்கு உவப்பில்லாததற்கு இதுவே காரணம்.

புகைப்பழக்கமும் சர்க்கரை நோயும் முதுமையும் முன்னோடிச் செல்களைக் குறைக்கின்றன, இருப்பவற்றையும் மந்தமாக்குகின்றன. ஈஸ்ட்ரோஜன் அவற்றுக்கு ஊக்கம் தரும். மாதவிடாய் நின்ற பெண்களிடம் அனியூரிசம் கூடுதலாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்ற சந்தேகம் உண்டு.

ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். முன்னோடிச் செல்கள் என்று ஆரம்பத்தில் கொண்டாடப்பட்டவற்றில் பெரும்பகுதி மோனோசைட் என்ற வெள்ளணு வகையறா என்பது பின்னால் தெரியவந்தது. அவை தாமே சுவராக மாறுவதில்லை. வளர்ச்சிக் காரணிகளைச் சுரந்து பக்கத்துச் செல்களை வேலை வாங்குகின்றன. உண்மையிலேயே எண்டோதீலியமாக வளரும் செல்கள் ரத்தத்தில் மிக அரிது. அனியூரிசத்துக்கு ‘ஸ்டெம் செல் ஊசி’ என்று யாராவது விற்க வந்தால், ஊசிக்குள் இருப்பது எந்தச் செல் என்று முதலில் கேளுங்கள். ரத்தத்தில் செல்களை எண்ணும் ஆய்வு மலிவு. அடையாளமிட்ட செல் எங்கே போய்ச் சேர்ந்தது என்று பின்தொடரும் ஆய்வுக்கோ காலமும் பணமும் பிடிக்கும். நிதி போக வேண்டியது இரண்டாவதற்குத்தான்.

அப்படிப் பின்தொடரும் ஆய்வின் பயன் சிகிச்சையில் தெரிகிறது. ஃப்ளோ டைவர்ட்டர் என்பது தமனிக்குள் அனியூரிசத்தின் வாயை மறித்து வைக்கும் வலைக்குழாய். 2011-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பைப்லைன் என்ற கருவியில் 48 இழைகள். ஒவ்வொன்றும் சுமார் 0.03 மில்லிமீட்டர். அது மூடுவது வாயின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குதான். உள்ளே ஓட்டம் மந்தமாகி ரத்தம் உறையும். மீதி இடைவெளியை அடைப்பது செல்களின் வேலை. இழைகளைச் சாரமாகப் பிடித்து அவை படரும். ஆறு மாதம், ஒரு வருடம்கூட ஆகலாம்.

அந்தச் செல்கள் எங்கிருந்து வந்தன? முயல்களில் செய்த ஆய்வுகள், பெரும்பாலும் பக்கத்துத் தமனிச் சுவரிலிருந்து ஊர்ந்து வந்தவை என்று காட்டின. ரத்தத்தில் மிதந்து வந்தவற்றின் பங்கு சொற்பம். அதனால் வலை சுவரோடு ஒட்டியிருப்பது மிக முக்கியம். நடுவே இடைவெளி இருந்தால் செல்லுக்கு ஏறிவர வழியில்லை. வலை சரியாக விரியாத இடத்தில் மருத்துவர் உள்ளே பலூனை ஊதி அதைச் சுவரோடு அழுத்துவது இதற்காகத்தான். செல்கள் மூடும்வரை வெறும் உலோகத்தில் தட்டணுக்கள் ஒட்டி ரத்தக்கட்டி உண்டாக்கும். ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரெலையும் மாதக்கணக்கில் சேர்த்துக் கொடுப்பது அதைத் தடுக்க. நன்றாக இருக்கிறதே என்று அவற்றைத் தானாக நிறுத்தியவருக்கு, அனியூரிசம் வெடிக்காமலேயே பக்கவாதம் வரலாம்.