கரும்பு வாய்க்காலை அடைக்கிற வேலை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வடக்கே டோங்காட் பக்கம், ஒரு கிடங்குத் திட்டத்துக்காக ஈரநில ஆய்வுக்குப் போயிருந்தேன். கோரையும் நாணலும் மண்டிய பள்ளம். வேலியோரம் நின்ற அக்கா ஒருவர் கேட்டார்: “இதை மூடிட்டு வேற எங்கேயோ சரிபண்ணிக் கொடுப்பாங்களாமே தம்பி, மழை பெஞ்சா தண்ணி அங்கேயா போகும்?”

நான் உட்காரும் கூட்டங்களில் இதை யாரும் இவ்வளவு நேராகக் கேட்டதில்லை.

தென்னாப்பிரிக்காவில் ஈரநிலத்தில் கைவைக்க, 1998-ஆம் ஆண்டின் தேசிய நீர்ச் சட்டப்படி பெரும்பாலும் உரிமம் வேண்டும். முதலில் சேதத்தைத் தவிர்க்கப் பார்க்க வேண்டும், அப்புறம் குறைக்க வேண்டும், கெட்டதைச் சீர்செய்ய வேண்டும். அதற்கும் மேல் மிஞ்சும் இழப்புக்குத்தான் ஈடு, அதாவது வேறோர் இடத்தில் ஈரநிலத்தைச் சரிசெய்து தருவது. என் மேசைக்கு வரும் பல திட்டங்கள் கடைசிப் படியில்தான் கண்ணைத் திறக்கின்றன.

ஈரநில ஈட்டுக்காக 2016-இல் வந்த வழிகாட்டியின் கணக்கை எளிதாக்கிச் சொன்னால் இப்படி: கெடாத ஈரநிலத்தின் நலம் 100 என்று வைத்து, அழியப்போகும் 10 ஹெக்டேர் நிலம் 60 சதவீத நலத்தோடு இருந்தால் அது 6 ஹெக்டேருக்குச் சமம். வேறோர் இடத்தில் 20 ஹெக்டேரின் நலத்தை 40-லிருந்து 70-க்கு உயர்த்தினாலும் அதே 6. (அரிதான நிலமென்றால் இன்னும் கூடுதலாகக் கேட்போம்.)

இந்தக் கடலோரத்தில் நலத்தை உயர்த்துவது என்றால் பெரும்பாலும், கரும்புக்காகத் தண்ணீரை வடிக்க வெட்டிய பழைய வாய்க்கால்களை அடைப்பதுதான். 1860-இல் ட்ரூரோ கப்பலில் தொடங்கி ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம்மவர்கள் உழைத்த தோட்டங்கள் அவை. எந்தத் தாத்தா வெட்டியதை மூடுகிறேனோ என்று சில நாள் தோன்றும். அடைத்தால் நீர் பரவும், கோரை திரும்பும். பிக்கர்ஸ்கில் நாணல் தவளை திரும்புமா என்பது வேறு விஷயம். இந்தக் குவாசுலு-நட்டால் மாகாணக் கடலோரத்தைத் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை.

சரி, அக்காவின் கேள்விக்கு வருவோம். நிறுவனம் காட்டிய ஈட்டு நிலம் வேறோர் ஆற்றுப் படுகையில் இருந்தது. 6-க்கு 6, காகிதத்தில் குறையில்லை. ஆனால் 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இந்த மாகாணத்தில் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அக்கா வீட்டுக்கு மேலே தேங்கி நின்று மெல்ல வடிய வேண்டிய தண்ணீரை அந்தத் தூரத்து நிலம் எப்படிப் பிடித்துவைக்கும்? அதே ஓடையின் மேற்பகுதியில் இடம் பாருங்கள் என்று அறிக்கையில் எழுதினேன். அங்கே நிலம் விலை அதிகம் என்று பதில் வந்திருக்கிறது.

அக்காவிடம் ஒன்று சொன்னேன். சுற்றுச்சூழல் அனுமதி நடைமுறையில், பாதிக்கப்படும் தரப்பாகப் பெயர் பதிய யாருக்கும் உரிமை உண்டு. எழுதிக் கொடுக்கும் கருத்துக்கு அனுமதி கேட்கும் தரப்பு எழுத்தில் பதில் தந்தாக வேண்டும்.

“தமிழ்ல எழுதலாமா?” என்றார். இங்கிலீஷில் நான் எழுதித் தருகிறேன், கேள்வி உங்களுடையதாகவே இருக்கட்டும் என்றேன்.