வேலூர் மழைக்கு ‘மூச்சுவிடும்’ ரெயின்கோட் சரிப்படுமா?

ஐப்பசி, கார்த்திகையில் காட்பாடியிலிருந்து ராணிப்பேட்டை சிப்காட்டுக்கு பைக்கில் வேலைக்குப் போகிறவர்கள் பலரும் சொல்லும் குறை இது: கோட் போட்டாலும் சட்டை நனைந்துவிடுகிறது. முந்நூறு ரூபாய் பிளாஸ்டிக் கோட்டானாலும் சரி, பல ஆயிரம் கொடுத்து வாங்கிய ‘நீர் புகாது, வியர்வை வெளியேறும்’ ரகமானாலும் சரி. கோட் ஒழுகுகிறது என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஆனால் முதுகிலும் முழங்கையின் உட்புறத்திலும் ஒரே சீராகப் பரவியிருக்கும் ஈரம் பெரும்பாலும் மழைத் தண்ணீர் அல்ல, நம் வியர்வைதான். இட்லிப் பானை மூடியின் உட்புறம் போல, ஆவி குளிர்ந்த பரப்பில் பட்டுத் துளியாகிறது.

இந்தச் சிக்கல் பழையது. 1823-ல் ஸ்காட்லாந்தின் சார்லஸ் மேக்கின்டோஷ் இரண்டு துணிகளுக்கு நடுவே ரப்பரை வைத்து மழைத்துணிக்குக் காப்புரிமை வாங்கினார். மழை நின்றது, வியர்வையும் உள்ளேயே நின்றது. 1969-ல் அமெரிக்காவில் பாப் கோர், சூடாக்கிய டெஃப்லான் தண்டைப் படாரென்று இழுத்தபோது அது அறுந்துபோகாமல் பல மடங்கு நீண்டு, நுண்துளைகள் நிறைந்த பொருளானது. நீர் புகாமல் ஆவியை மட்டும் விடும் கோர்டெக்ஸ் துணி பிறந்தது அதிலிருந்துதான். ஒரு துளை நீர்த்துளியை விட 20,000 மடங்கு சிறியது, நீராவி மூலக்கூறை விட 700 மடங்கு பெரியது என்பது தயாரிப்பாளர் சொல்லும் கணக்கு. டெஃப்லானில் தண்ணீர் ஒட்டாது. அதனால் பெரிய அழுத்தம் கொடுத்தால் ஒழிய நீர் அந்தத் துளைக்குள் நுழையாது.

ஆரம்பகால கோட்டுகள் சில மாதங்களில் ஒழுகத் தொடங்கின. உடம்பின் எண்ணெய்ப் பசை துளைகளில் படிந்ததும் தண்ணீர் ஒட்ட வழி கிடைத்துவிட்டது. அதற்காக உட்புறம் மெல்லிய பாலியூரித்தேன் படலம் ஒன்றைச் சேர்த்தார்கள். அந்தப் படலத்தில் துளையே கிடையாது. ஈரமான பக்கத்தில் நீர் மூலக்கூறு அதில் கரைந்து, நகர்ந்து, காய்ந்த பக்கத்தில் வெளியேறும். விலை குறைந்த ‘மூச்சுவிடும்’ கோட்டுகள் பலவற்றில் இந்தப் பாலியூரித்தேன் பூச்சு மட்டுமே இருக்கும். ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிலில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. தோலின் கொலாஜன் இழைகள் ஈரத்தை வாங்கி மறுபக்கம் விடுவதால்தான் தோல் ஷூவில் கால் அவ்வளவாகப் புழுங்குவதில்லை. மேல்பூச்சைத் தடிப்பாக ஏற்றினால் அந்தக் குணம் போய்விடும்.

இப்படி ஆவியைக் கடத்தும் மெல்லிய படலத்தைச் சவ்வு என்போம். எந்தச் சவ்வும் ஆவியை உறிஞ்சி வெளியே தள்ளும் பம்பு அல்ல என்பதை மறக்கக்கூடாது. உள்ளே ஆவி அழுத்தம் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால் ஆவி தானாக வெளியே போகும். வித்தியாசம் சுருங்கினால் வேகமும் சுருங்கும். கோட்டுக்குள் 33 டிகிரியில் ஈரம் நிறைந்த காற்றின் ஆவி அழுத்தம் சுமார் 5 கிலோபாஸ்கல். வெளியே 23 டிகிரி, 50 சதவீத ஈரப்பதம் என்றால் 1.4. இடைவெளி 3.6. வேலூரில் மாலை மழை பிடித்து 25 டிகிரி, 95 சதவீதம் என்று இருக்கும்போது வெளியே 3.0. இடைவெளி 2.0 ஆகிவிடுகிறது. அதே கோட், வேகம் பாதியை விடக் கொஞ்சம்தான் அதிகம். 5 டிகிரிக் குளிரில் இடைவெளி 4-ஐத் தாண்டும். இந்தத் துணி குளிர்நாட்டு மலையேறிகளிடம் பெயர் வாங்கியதற்கு இது ஒரு காரணம்.

லேபிளில் ‘10,000 கிராம்’ என்றால், ஒரு சதுர மீட்டர் துணி 24 மணி நேரத்தில் கடத்தும் ஆவி. மணிக்குச் சுமார் 417 கிராம் வருகிறது. ஏலகிரியில் சுவாமிமலை உச்சிக்கு வேகமாக ஏறினால் மணிக்கு ஒரு லிட்டர் வரை வியர்க்கலாம். சோதனைச்சாலை எண்ணையே முழுதாக நம்பினாலும் கணக்கு உதைக்கிறது. அந்த எண்ணையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஜப்பானிய முறை ஒன்றில் பொட்டாசியம் அசிடேட் கரைசல் ஆவியை இழுத்துக்கொள்ளும், எண் பெரிதாக வரும். இன்னொரு முறையில் நடுவே காற்றுவெளி இருப்பதால் அதே துணிக்குச் சிறிய எண். எந்தச் சோதனை என்று போடாத 20,000-ஐ வைத்து விலை கொடுக்காதீர்கள்.

ஆவியைக் கடத்துகிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். டம்ளரில் முக்கால் பாகம் வெந்நீர் ஊற்றி, கோட்டின் உட்புறம் கீழே இருக்கும்படி வாய்மேல் இழுத்து ரப்பர் பேண்ட் போடுங்கள். மேலே குளிர்ந்த கண்ணாடி ஒன்றைக் கவிழ்த்து வையுங்கள். சில நிமிடத்தில் கண்ணாடி மங்கினால் ஆவி கடக்கிறது. சாதாரணப் பிளாஸ்டிக் என்றால் கண்ணாடி தெளிவாகவே இருக்கும், துணியின் அடியில் முத்து முத்தாகத் துளி நிற்கும்.

நல்ல சவ்வையும் செயலிழக்கச் செய்வது மேல்துணி தண்ணீர் குடிப்பது. வெளித்துணியில் நீர் ஒட்டாப் பூச்சு ஒன்று இருக்கும். புதுக் கோட்டில் மழை உருண்டு ஓடுவது அதனால்தான். புகை, எண்ணெய், வியர்வை உப்பு, சோப்பு மிச்சம் இவை சேர்ந்ததும் துணி கறுத்து நனைகிறது. சவ்வுக்கு மேல் நீர்ப்படலம் போர்த்தியதால் ஆவி போக வழியில்லை. துணியும் சில்லிட்டு உள்ளே துளி கட்டுகிறது. தண்ணீர் உள்ளே வராமலே ஆள் நனைவது இப்படித்தான்.

இதைச் சரிசெய்யலாம். கொஞ்சம் திரவ சோப்பில் துவைத்து, இரண்டு மூன்று முறை அலசுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசி அலசல் நல்ல தண்ணீரில் இருக்கட்டும். வாசனைக் கண்டிஷனர் கூடவே கூடாது, அது துணியில் தங்கித் தண்ணீரை இழுக்கும். காய்ந்ததும் மேலே பருத்தித் துண்டு விரித்து, ஆவியில்லாமல் குறைந்த சூட்டில் இஸ்திரி போடுங்கள். சூட்டில், பூச்சில் நீரைத் தள்ளும் மூலக்கூறுகளின் வால் போன்ற நுனிகள் மறுபடி நிமிரும். துளி உருளவில்லை என்றால் புதுப் பூச்சு ஸ்பிரே அடிக்க வேண்டியதுதான். பழைய பூச்சுகளோடு தொடர்புடைய பி.எஃப்.ஓ.ஏ. என்னும் ஃப்ளோரின் வேதிப்பொருள் 2019-ல், எளிதில் சிதையாத நச்சுப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தப் பட்டியலில் ஏறியது. இப்போது வரும் ஃப்ளோரின் இல்லாத பூச்சு தண்ணீரைத் தள்ளும், எண்ணெயைத் தள்ளாது. அதனால் அடிக்கடி துவைக்க வேண்டும்.

பைக்கில் நிஜமாகவே ஒழுகும் இடங்கள் வேறு. முதலிடம் பேன்ட்டின் கவட்டுத் தையல். மடியில் தேங்கும் நீரை உடல் எடை ஊசித் துளை வழியே உள்ளே அழுத்துகிறது. துணி தன் மேல் 5,000 மில்லிமீட்டர் உயரத்துக்கு நிற்கும் நீரின் அழுத்தத்தைத் தாங்கினால் நகர ஓட்டத்துக்குப் போதும். தையலின் உட்புறம் டேப் முழுதாக ஒட்டியிருக்கிறதா என்பதுதான் முக்கியம். சந்தேகம் இருந்தால் கோட்டைத் திருப்பிப் போட்டு, கையின் நுனியைக் கட்டி, தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் தொங்கவிடுங்கள். கசியும் தையல் தெரிந்துவிடும். ஜிப்புக்கு மேல் மடிப்பு இரண்டு அடுக்காக இருக்க வேண்டும். கையுறை கோட்டின் கைக்குள்ளே, பேன்ட் ஷூவுக்கு வெளியே.

அரைமணி நேர பைக் ஓட்டத்துக்கு மூச்சுவிடும் சவ்வு தேவையில்லை. உட்கார்ந்திருப்பவருக்கு வியர்வை குறைவு. டேப் ஒட்டிய நைலான் கோட், முதுகில் காற்றுத் திறப்பு, உள்ளே வலைத்துணி, பருத்திச் சட்டைக்குப் பதில் மெல்லிய பாலியஸ்டர் போதும். ஜவ்வாது மலையில் நடக்கிறவர்களுக்கு அக்குளில் ஒரு சாண் நீள ஜிப் உள்ள கோட் அல்லது கீழே திறந்த பொன்ச்சோ. காற்று உள்ளே வந்து போனால், எந்தச் சவ்வும் கடத்துவதை விட அதிக ஆவியை எடுத்துக்கொண்டு போகும். கழனியில் நாற்று நடுகிறவர்கள் சாக்கை மடித்துத் தலையில் கவிழ்க்கும் கொங்காணியில் புழுக்கம் இல்லாததும் அதனால்தான்.

மழைக்காலம் முடிந்ததும் ஈரத்தோடு சுருட்டி ஸ்கூட்டர் டிக்கியில் போட்டுவிடாதீர்கள். சூடும் ஈரமும் சேர்ந்தால் பாலியூரித்தேன் சிதையும். வேலூரின் சித்திரை வெயில் அதை வேகப்படுத்தும். நிழலில் முழுதாகக் காயவைத்து, மடிக்காமல் ஹேங்கரில் மாட்டுங்கள். டேப் மட்டும் உரிந்திருந்தால் புது டேப்பை இஸ்திரிச் சூட்டில் ஒட்டிக்கொள்ளலாம். உட்பூச்சே பிசுபிசுத்து வெள்ளைச் செதிலாக உதிர்கிறதென்றால் அந்தக் கோட்டை மாற்ற வேண்டியதுதான்.