பொதுத்தேர்வு டூட்டி: எண்ணிப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்

வினாத்தாள் ரகசியத்தைக் காக்க வேண்டும் என்பது எந்த ஆசிரியருக்கும் தெரிந்ததுதான். ஆனால் நான் பார்த்தவரை மெமோ, அதாவது விளக்கம் கேட்டு வரும் குற்றச்சாட்டுக் கடிதம், வாங்குவது வினாத்தாளை விற்றவர் இல்லை, எண்ணாமல் கையெழுத்துப் போட்டவர்.

எனக்குத் தெரிந்த ஒரு டீச்சர், வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம், பத்தாம் வகுப்புக்கு அறைக் கண்காணிப்பாளர். உறையைப் பிரித்தால் 20க்கு 19தான் இருக்கிறது. வெளியே வந்து சொன்னதற்கு, "பக்கத்து ரூம்ல மிச்சம் இருக்கு, வாங்கிக்கோம்மா, அப்புறம் எழுதிக்கலாம்" என்றார்கள். அப்புறம் யாரும் எழுதவில்லை. மதியம் கணக்கு இடித்தது, பதிவேட்டில் 20 என்று அவருடைய கையெழுத்து. மெமோ அவருக்கு, வாங்கிக்கோம்மா என்றவருக்கு ஒன்றும் இல்லை.

அதனால் உறை கைக்கு வந்ததும் பாடம் சரியா, ஒட்டு பிரியாமல் இருக்கிறதா என்று பாருங்கள், இரண்டு மாணவர்களிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிய பிறகே பிரியுங்கள். ஒன்று குறைந்தாலும் அப்போதே நேரம் போட்டு எழுதி தேர்வு மையத்துக்குப் பொறுப்பான முதன்மைக் கண்காணிப்பாளரிடம் கொடுத்து, நகலில் அவர் கையெழுத்தை வாங்கிவிடுங்கள். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். வாய்வார்த்தை விசாரணையில் நிற்காது.

அடுத்தது போன். மாணவர்கள் வினாத்தாளை வீட்டுக்கே கொண்டுபோகிறார்கள், இதில் என்ன ரகசியம் என்று சிலர் நினைக்கிறார்கள். தேர்வு முடியும் வரை அது ரகசியம்தான். 11 மணிக்கு "பேப்பர் எப்படி?" என்று வாட்ஸ்அப்பில் கேட்கும் நண்பருக்குப் பதில் சொல்லாதீர்கள், போன் அறைக்குள் வரவே கூடாது. விடைத்தாள் திருத்தும் முகாமிலும் அப்படித்தான், "இந்த வருஷம் மார்க் கம்மி" என்று குரூப்பில் போடுவதும் வம்பு.

வினாத்தாள் கசிந்தால் ஐந்து வருஷம் ஜெயில், பத்து லட்சம் அபராதம் என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. அது 2024-இல் வந்த மத்தியச் சட்டம். யுபிஎஸ்சி, எஸ்எஸ்சி, ரயில்வே, ஐபிபிஎஸ், தேசியத் தேர்வு முகமை போன்றவை நடத்தும் தேர்வுகளுக்குத்தான் அது, மாநிலப் பொதுத்தேர்வு அதில் வராது. ஆனால் அதே பள்ளியில் நீட் டூட்டி பார்த்தால் நீங்களும் அதற்குள் வருகிறீர்கள். அங்கே முறைகேட்டில் சிக்கினால் குறைந்தது 3 வருஷம் ஜெயில், ஜாமீனில் விடமுடியாத குற்றம்.

மெமோ வந்தால்? அரசுப் பள்ளி ஆசிரியர் என்றால், தமிழ்நாடு அரசு ஊழியர் ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் 17ஏ-வா (சிறிய தண்டனைக்கானது) 17பி-யா என்று முதலில் பாருங்கள். 17பி என்றால் பெரிய தண்டனை வரை போகலாம். "தப்புன்னு எழுதிக் குடுங்க, முடிச்சிடலாம்" என்று அலுவலகத்தில் அன்பாகச் சொல்வார்கள், எழுதிக் கொடுக்காதீர்கள். அந்தக் கடிதத்தை வைத்தே தண்டனை போடுவார்கள். 17பி என்றால் விளக்கத்தில் "வாய்மொழி விசாரணை வேண்டும்" (சாட்சிகளை நேரில் விசாரிப்பது) என்று ஒரு வரி கட்டாயம் எழுதுங்கள், கேட்டால் நடத்தியே ஆக வேண்டும், கேட்காமல் விட்டவர்கள்தான் அதிகம். குற்றச்சாட்டுக்கு ஆதாரமான ஆவணங்களின் நகலையும் எழுத்தில் கேளுங்கள். சஸ்பெண்ட் ஆனாலும் பிழைப்பூதியம், அதாவது சம்பளத்தில் ஒரு பகுதி, உண்டு. அது தானாக வரும் என்று காத்திருக்காமல் முதல் வாரமே மனு கொடுத்து, பெற்றுக்கொண்ட முத்திரையோடு ஒரு நகலை வீட்டில் வையுங்கள்.