கரப்பான் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

கைக்குழந்தையின் கன்னத்திலும் வளர்ந்த பிள்ளையின் முழங்கை மடிப்பிலும் வரும் கரப்பான் என்ற அரிப்புத் தோல்நோய்க்கு மருத்துவர்கள் வைத்த பெயர் அடோபிக் டெர்மடைடிஸ். 'எதைத் தின்றதால் வந்தது?' என்று தேடி முட்டையையும் கத்தரிக்காயையும் நிறுத்துவதிலேயே பல வீடுகளில் மாதங்கள் போய்விடுகின்றன. பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கோளாறு இருப்பது தட்டில் அல்ல, தோலின் மேலடுக்கில்.

உடம்பின் பெரும்பகுதியில் அந்த அடுக்கின் தடிமன் சுமார் 0.02 மில்லிமீட்டர்தான். அதிலுள்ள செல்கள் செத்தவை. இடைவெளியை செராமைடு என்ற கொழுப்பு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் அடைத்திருக்கும். செல்களுக்குள் இருக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதம் சிதைந்து உண்டாகும் பொருட்கள் ஈரத்தைப் பிடித்துவைக்கின்றன; தோலின் பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு; 7க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 5 அளவில் நிற்கவும் உதவுகின்றன. பிஎச் ஏறினால் செல்களைப் பிணைக்கும் புரதங்களை அறுக்கும் நொதிகள் வேகமெடுக்கும், செராமைடு உண்டாக்கும் நொதிகள் மந்தமாகும். சாதாரண சோப்பின் பிஎச் 9 முதல் 10!

ஃபிலாக்ரின் மரபணுவில் பிழை இருந்தால் கரப்பான் வரும் வாய்ப்பு கூடுகிறது என்று 2006இல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் இர்வின் மெக்லீன் குழுவினர் காட்டினார்கள். ஆனால் பிழையே இல்லாத பலருக்கும் இந்நோய் வருகிறது. அதற்கு விடை நோயெதிர்ப்பு மண்டலத்தில் இருக்கிறது.

பழுதான தோலுக்குள் தூசி உண்ணியின் கழிவும் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமியும் புகும்போது, தோல் செல்களே அபாயச் செய்தி அனுப்பி, நோயெதிர்ப்பு வெள்ளணுக்களான டி செல்களை வரவழைக்கின்றன. அவை செல்களுக்கிடையே செய்தி கொண்டுபோகும் புரதங்களான இன்டர்லூக்கின் 4, 13, 31 ஆகியவற்றைச் சுரக்கும். முதல் இரண்டும் ஃபிலாக்ரின் உற்பத்தியையே குறைத்துவிடும்; கிருமியைக் கொல்லும் புரதங்களையும் குறைக்கும். 31 நேரே நரம்பைத் தூண்டி அரிப்பைக் கிளப்பும். அலர்ஜியில் அரிப்பை உண்டாக்கும் ஹிஸ்டமின் இங்கே முக்கியக் குற்றவாளி இல்லை. அதனால்தான் அலர்ஜி மாத்திரை தூக்கம் தருகிறதே தவிர அரிப்பை அவ்வளவாக அடக்குவதில்லை. சொறியச் சொறியத் தோல் மேலும் கிழியும். 4, 13 இரண்டின் வேலையையும் தடுக்கும் டுபிலுமாப் ஊசிக்கு 2017இல் அமெரிக்கா அனுமதி தந்தது. அது அழற்சியைத் தணிக்கும்போது தோலின் தடுப்புத்திறனும் தேறுகிறது.

ஆகவே ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் போதாது. வெதுவெதுப்பான நீரில் 5 முதல் 10 நிமிடக் குளியல், சோப்புக்குப் பதில் பிஎச் 5.5 அளவிலான கழுவும் திரவம், ஒற்றித் துடைத்த கையோடு ஈரப்பதக் களிம்பு. உடம்பு முழுக்க வறட்சி உள்ள பிள்ளைக்கு வாரம் 250 கிராம்கூடத் தேவைப்படும். சின்னக் குழாய் இரண்டு நாளில் தீரத்தான் செய்யும். ஆலிவ் எண்ணெய் வேண்டாம், அதிலுள்ள ஒலீயிக் அமிலம் தடுப்பைக் குலைக்கும்.

சிவந்த இடத்துக்கு மருத்துவர் தரும் ஸ்டீராய்டு களிம்பு. பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனிக் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் அரை கிராம். அது விரல்களோடு சேர்த்துப் பெரியவரின் இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குப் போதும். பயந்து பொட்டளவு தடவுவதும், சிவப்பு மறைந்த அன்றே நிறுத்துவதும்தான் அதிகம் நடக்கும் தவறுகள். பார்வைக்குத் தெளிந்த தோலுக்கு அடியிலும் அழற்சி மிச்சமிருக்கும். அடிக்கடி திரும்பும் இடங்களில் வாரம் இருமுறை தொடரச் சொல்வது அதற்காகவே. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும், குளோபெட்டசால் என்ற மிக வீரியமான ஸ்டீராய்டு கலந்த கூட்டுக் களிம்பு வேறு சங்கதி; முகத்தில் தடவினால் தோல் மெலிந்து ரத்தநாளங்கள் தெரியும்.

மஞ்சள் பொருக்கு கட்டினால் கிருமித்தொற்று. காய்ச்சலோடு, குத்தி எடுத்ததுபோல் ஒரே அளவில் கொத்துக் கொத்தாகப் புண் கிளம்பினால் ஹெர்பிஸ் வைரஸாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.