எம்.பி. கையெழுத்துப் போட்டால் தபால் இலவசம்

அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களின் கடித உறையில் தபால்தலைக்குப் பதில் கையெழுத்துதான் இருக்கிறது. அதை யார் வேண்டுமானாலும் போட்டுவிட முடியாதா என்று கேட்கிறார் ஒரு வாசகர். இன்று அது அச்சிட்ட கையெழுத்து, செலவை அரசு நிதியிலிருந்து தபால் துறைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். சுவாரசியமான கதை பழைய இங்கிலாந்தில் நடந்தது.

அங்கே 17ஆம் நூற்றாண்டிலிருந்தே எம்.பி.க்களுக்குத் தபால் இலவசம். மற்றவர்களுக்குத் தாள் கணக்கு, தூரக் கணக்கு பார்த்துக் கட்டணம். பெரும்பாலும் கடிதம் வாங்குபவர் தலையில்தான் விழும். மடித்த கடிதத்தின் வெளிப்பக்கத்தில் எம்.பி. பெயர் எழுதியிருந்தால் காசு கிடையாது. சும்மா இருப்பார்களா? வெற்றுத் தாள்களில் கட்டுக்கட்டாகக் கையெழுத்துப் போட்டு வேண்டியவர்களுக்குக் கொடுத்தார்கள்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. கையெழுத்து, போட்டவர் யார் என்று மட்டும்தான் சொல்லும். யாருக்கு, எப்போது, எங்கிருந்து என்று சொல்லாது. 1764இல் முகவரி முழுவதையும் எம்.பி.யே தன் கையால் எழுத வேண்டும் என்றார்கள். போலி செய்தால் ஏழு ஆண்டு நாடுகடத்தல். வெற்றுத் தாள் செல்லாக்காசானது. 1784இல் தேதியும் ஊரும் சேர்ந்தன. நாளை எண்ணில் போடாமல் எழுத்தில் எழுதுவார்கள்: ‘லண்டன், மார்ச் பதினொன்று, 1828’ என்கிற மாதிரி. ஒன்றைத் திருத்திப் பதினொன்றாக்க முடியாது, எழுதிச் சேர்த்து வைத்துக்கொள்ளவும் முடியாது. நம் செல்போனுக்கு வரும் ஓடிபி போலத்தான், அந்த வேலைக்கு, அந்த நேரத்துக்கு மட்டும். 1795இல் இன்னொரு பூட்டு: தபாலில் சேர்க்கும் ஊரிலிருந்து 20 மைலுக்குள் அவர் இருக்க வேண்டும், ஒரு நாளைக்கு அனுப்புவது 10, பெறுவது 15, அவ்வளவுதான்.

கையெழுத்தைப் பார்த்துக் குணம் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. ஆனால் இந்தக் கையெழுத்துகளைச் சரிபார்க்கவே லண்டன் தபால் அலுவலகத்தில் ஆட்கள் இருந்தார்கள். சலுகையை அனுபவிப்பவர்களே அதற்கு விதி எழுதினால் இப்படித்தான்: சலுகை அப்படியே இருக்கும், காவலுக்கு ஆள் கூடும்.

1840 ஜனவரி 10 அன்று சலுகை ஒழிந்தது, விக்டோரியா மகாராணிக்கும் சேர்த்து. தூரம் எதுவானாலும் அரை அவுன்ஸ் கடிதத்துக்கு ஒரு பென்னி. மே மாதம் கறுப்பு நிற ஒரு பென்னித் தபால்தலை வந்தது. இனி எழுதியவர் யாரென்று பார்க்க வேண்டாம், காசு கட்டியாயிற்றா என்று பார்த்தால் போதும். சரி, அதையே மறுபடி ஒட்டினால்? சிவப்பு மையில் முத்திரை குத்தினார்கள். மக்கள் அதை அழிக்கக் கற்றுக்கொண்டார்கள். 1841இல் தபால்தலையைச் சிவப்பாக்கி, முத்திரையைக் கறுப்பாக்கினார்கள்.